டாரோ கார்டில் ஆம், இல்லை கேட்கலாமா?

கேள்வி இது: “டாரோ கட்டு ஒன்று வாங்கினேன். விலாவாரியான பலன் எல்லாம் வேண்டாம், ஆமா இல்லையா என்று தெரிந்தால் போதும். ஒரு கார்டு எடுத்தால் போதுமா, மூன்று எடுக்கணுமா? தலைகீழாக வந்தால் இல்லை என்றுதான் அர்த்தமா? ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டேன், மூன்று விதமாக வந்தது. எதை எடுத்துக்கொள்வது? போன் ஆப்பில் எடுத்தாலும் செல்லுமா?”

டாரோ என்பது குறி பார்க்கப் பயன்படுத்தும் 78 படச் சீட்டுகள் கொண்ட கட்டு. அதில் ஆம், இல்லை தாராளமாகக் கேட்கலாம். ஒரு கார்டே போதும். ஆனால் எது வந்தால் ஆம், எது வந்தால் இல்லை என்பதைக் கட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும், எடுத்த பிறகு அதை மாற்றக் கூடாது. உங்களுக்கு வந்த மூன்று பதில்களில் முதலாவதுதான் செல்லும். அதுவும் விதியை முன்கூட்டியே வைத்திருந்தால்தான்.

என் நிலைப்பாட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாகக் கலைத்த கட்டிலிருந்து எந்தக் கார்டு வரும் என்பது முழுக்கத் தற்செயல். நாளைக்கு நடக்கப்போவது அந்த அட்டைக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பல வருடங்களாகக் கார்டு பார்க்கிறேன், அடுத்தவர்களுக்கும் பார்த்துச் சொல்கிறேன். எதிரே உட்காருகிறவரிடம் இதைச் சொல்லாமல் நான் ஆரம்பிப்பதில்லை. சொன்ன பிறகும் பெரும்பாலானவர்கள் எழுந்து போவதில்லை. மனதில் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்த ஒன்றை ஒரே வாக்கியக் கேள்வியாக வாய்விட்டுச் சொல்வதும், எதிர்பாராத ஒரு படத்தைப் பார்த்தபடி அதை மறுபடி யோசிப்பதும் அவர்களுக்கு உண்மையிலேயே உதவுகிறது.

அனுபவமுள்ள டாரோக்காரர்களில் பலர் ஆம்–இல்லைக் கேள்வியை மட்டமாக நினைப்பார்கள். “கார்டை அவ்வளவு சின்னதாக்காதீர்கள்” என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. பொதுப்பலன் என்று சொல்லப்படுவது எல்லோருக்கும் பொருந்திப் போகும். அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது போல ஒரு குண விவரிப்பைக் கொடுத்தார். உண்மையில் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்த வரிகள். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி நான்கைத் தாண்டியது. 1949இல் இது வெளியானது. “உங்களுக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது, ஆனால் திறமை அதைவிடப் பெரிது” என்று எந்தக் கார்டை வைத்தும் யாரிடமும் சொல்லலாம், தலையாட்டுவார்கள். “செப்டம்பர் முடிவதற்குள் வீட்டுக் கடன் அனுமதி வருமா?” என்ற கேள்விக்கு ஆம் என்று கார்டு சொன்னால், அக்டோபர் முதல் தேதி அது சரியா தப்பா என்று தெரிந்துவிடும். தப்பு என்று நிரூபிக்க இடம் கொடுக்கிற ஒரே டாரோ வகை இதுதான். அதனாலேயே எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் கார்டைப் பார்த்த பிறகு விதியை வளைத்தால் இந்த ஒரு நல்ல குணமும் போய்விடும்.

ஆம், இல்லை என்பது கட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். டாரோ பிறந்தது சீட்டாட்டத்துக்காக. 1440களில் வட இத்தாலியப் பிரபுக்களின் வீடுகளில் விளையாடிய கட்டு அது. பிரான்ஸில் இன்றைக்கும் அதே வகைக் கட்டை வைத்து மேசை சுற்றி உட்கார்ந்து ஆடுகிறார்கள், குறி கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1781இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இது பழைய எகிப்தின் ஞான நூல் என்று எழுதிவைத்தார். ஆதாரம் எதுவும் கிடையாது, ஆனால் கதை ஒட்டிக்கொண்டது. அதே காலத்தில் பாரிஸில் கார்டு பார்த்துக்கொண்டிருந்த அலியெட் என்பவர், தன் பெயரைத் திருப்பிப் போட்டு எத்தெய்யா என்று வைத்துக்கொண்டவர், நேராக வந்தால் ஒரு பொருள், தலைகீழாக வந்தால் வேறு பொருள் என்ற முறையை ஊரெல்லாம் பரப்பினார். இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு, அல்லது அதைப் பார்த்து வரைந்தது. யோசனை ஏ. ஈ. வெய்ட்டினுடையது, வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். பெரிய வேலை, ரொம்பக் குறைந்த காசு என்று அந்த அம்மா நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அவர் பெயர் சேராமல் ரைடர்–வெய்ட் என்று மட்டும் அந்தக் கட்டைச் சொல்வது எனக்கு எப்போதும் உறுத்தும். ஆறு வாள், ஐந்து கோப்பை போன்ற எண் கார்டுகளில்கூட மனிதர்களையும் காட்சிகளையும் வைத்தவர் அவர். அந்த முகங்களைத்தான் இன்றைக்கும் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆக, ஆம்–இல்லைக்காகப் புழங்கும் எல்லா முறையும் பின்னால் வந்தவர்கள் வைத்துக்கொண்ட ஒப்பந்தம். அதில் தவறில்லை. நம் கோயில்களில் பூப்போட்டுப் பார்க்கிறோமே, அதுவும் ஒப்பந்தம்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சன்னதியில் வைத்து, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சம்மதம் என்று குழந்தை கை நீட்டுவதற்கு முன்பே வேண்டிக்கொண்டிருப்போம். சிவப்பு வந்த பிறகு “சிவப்பும் மங்கலம்தானே” என்று யாரும் பேசுவதில்லை. டாரோவில் அந்தப் பேச்சுக்கு நிறைய இடம் இருக்கிறது, ஏனென்றால் பொட்டலம் இரண்டு இல்லை, 78. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கதை.

சரி, முறைகளுக்கு வருவோம். நேர் என்றால் ஆம், தலைகீழ் என்றால் இல்லை என்பதுதான் பலரும் தொடங்கும் இடம். இதில் யாரும் சொல்லித்தராத ஒரு சிக்கல் உண்டு. புதுக் கட்டில் எல்லாக் கார்டும் நேராகவே அடுக்கப்பட்டிருக்கும். ரம்மிச் சீட்டைக் கலைப்பது போலக் கையில் வைத்து மேலும் கீழும் மாற்றிக்கொண்டே இருந்தால் வரிசைதான் கலையும், ஒரு கார்டுகூடத் தலை திரும்பாது. நாள் முழுக்கக் கேட்டாலும் ஆம், ஆம், ஆம் என்றே வரும். அதை அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைத் தலைமாற்றித் திருப்பிச் சேர்த்துக் கலைக்க வேண்டும், இதை நாலைந்து தடவை செய்ய வேண்டும். இன்னும் நல்லது, கார்டுகளை முகம் கவிழ்த்து மேசையில் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் வட்டமாகத் துழாவி, பிறகு சேர்த்து அடுக்குவது. டாரோ கார்டு சாதாரணச் சீட்டைவிடப் பெரிது, சின்னக் கைக்கு அடங்காது என்பதாலும் இதுவே வசதி. 52 சீட்டுக் கட்டை இரண்டு பாதியாகப் பிரித்து விரலால் சரசரவென்று கோத்துக் கலைக்கும் முறையில் ஏழு தடவை வேண்டியிருக்கும் என்று 1992இல் டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணிதக்காரர்கள் காட்டினார்கள். 78 கார்டுக்கு அதைவிடச் சற்றுக் கூடவே தேவை. இரண்டு தரம் தட்டிவிட்டு எடுத்தால் போன தடவைப் பார்த்த கார்டுகளே பக்கத்துப் பக்கத்தில் வரும். உடனே “அதே கார்டு மறுபடி வருகிறது, ஏதோ சொல்ல வருகிறது” என்று தோன்றும். கலைத்தது போதவில்லை, அவ்வளவுதான்.

மூன்று கார்டு எடுத்து, எது அதிகமோ அதுவே பதில் என்று பார்ப்பது அடுத்த வழக்கம். ஒன்றைவிட மூன்று உறுதியானது என்ற எண்ணத்தில் செய்கிறார்கள், ஆனால் கணக்கு அப்படி இல்லை. மூன்றும் நேராக வருவது எட்டில் ஒரு பங்கு, இரண்டு நேர் ஒன்று தலைகீழ் எட்டில் மூன்று. கூட்டினால் ஆம் வர வாய்ப்பு சரி பாதி, ஒரு கார்டு எடுத்தாலும் அதே பாதி. கூடுதலாகக் கிடைப்பது ஒரு சாயல்: மூன்றும் ஒரே பக்கமா, இரண்டுக்கு ஒன்றா என்பது. அந்தச் சாயலை வைத்துப் பேச விரும்பினால் மூன்று எடுங்கள். உறுதிக்காக எடுக்க வேண்டாம்.

ஏஸ், அதாவது ஒன்றாம் எண் கார்டு, கட்டில் நான்கு இருக்கும்; அதை வைத்துப் பார்க்கும் முறையும் ஒன்று உண்டு. கார்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்க வேண்டும். ஏஸ் வந்தால் அந்த அடுக்கை நிறுத்திவிடலாம், வராவிட்டால் 13 கார்டில் நிறுத்தலாம். இப்படி மூன்று அடுக்கு. கடைசியில் கிடைத்த ஏஸ்கள் நேரா, தலைகீழா என்று பார்த்துப் பதில். நிதானமான முறை, உட்கார்ந்து அடுக்குவதே மனதை அமைதிப்படுத்தும். மூன்று அடுக்கிலும் ஒரு ஏஸ்கூட வராமல் போக நூற்றுக்கு ஆறு தடவைக்குக் கொஞ்சம் குறைவாக வாய்ப்பு இருக்கிறது. அப்படி வந்தால் கேள்விக்கு இப்போது பதில் இல்லை என்று வைப்பார்கள். “இப்போது பதில் இல்லை” என்பதற்கு ஒரு சின்ன இடம் ஒதுக்கியிருப்பது எனக்கு இதில் பிடித்த விஷயம்.

நான் கையாளுவது பட்டியல். ஒரு நோட்டில் 78 கார்டையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை, பதில் இல்லை என்று மூன்றில் ஒன்றைப் போட்டுக்கொள்வது. நெட்டில் கிடைக்கும் பட்டியலைக் காப்பி அடிக்காதீர்கள், ஒரு சாயங்காலம் கட்டை விரித்துவைத்து ஒவ்வொரு படத்தையும் பார்த்து நீங்களே போடுங்கள். சில கார்டுகளில் யோசிக்க எதுவும் இருக்காது. சூரியன் கார்டில் வெள்ளைக் குதிரைமேல் ஒரு குழந்தை, பின்னால் சூரியகாந்திகள்: ஆம். கோபுரம் கார்டில் இடி விழுந்து உச்சியிலிருந்த கிரீடம் தெறிக்க, இரண்டு பேர் தலைகுப்புற விழுகிறார்கள்: இல்லை. வாள் இரண்டில் கண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு பெண் இரண்டு வாளையும் மார்பின் குறுக்கே பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் ஆமா இல்லையா என்று கேட்கவே முடியாது, மூன்றாவது பத்தியில், அதாவது ‘பதில் இல்லை’யில் போடுங்கள். தொங்கும் மனிதன் கார்டுக்கும் அங்கேதான் இடம். முடித்ததும் எண்ணிப் பாருங்கள். ஆம் 42, இல்லை 24, பதில் இல்லை 12 என்று வந்திருந்தால், எந்தக் கேள்வி கேட்டாலும் நூற்றுக்கு 54 தடவை ஆம் வரும், இல்லை 31 தடவைதான் வரும் என்று அர்த்தம். பட்டியல் அப்படிச் சாய்ந்திருப்பது தெரிந்திருந்தால் போதும். சாய்வு பிடிக்காவிட்டால் இரண்டு பத்தியையும் சமமாக்கிக்கொள்ளலாம்.

இனி வருவதுதான் பலரும் இடறும் இடம். நல்ல கார்டு என்பதும் ‘ஆம்’ என்பதும் ஒன்றில்லை. ஒருவர் “இந்த வேலையை விட்டுவிடலாமா?” என்று கேட்கிறார் என்று வையுங்கள். கோப்பை எட்டு வருகிறது. முன்னால் எட்டுக் கோப்பைகள் அடுக்கியிருக்கின்றன, கீழே ஐந்து, மேலே மூன்று, மேல்வரிசையில் ஓர் இடம் காலி. சிவப்பு உடை போட்ட ஒருவன் கோலை ஊன்றிக்கொண்டு, முதுகைக் காட்டி, மலைப்பக்கம் நடந்துபோகிறான். மேலே நிலா முகத்தைக் கவிழ்த்துப் பார்க்கிறது. சோகமான கார்டு என்று பல பட்டியல்கள் இதை ‘இல்லை’யில் போடும். ஆனால் கேள்வியைப் பாருங்கள். படத்தில் இருப்பவன் செய்துகொண்டிருப்பதே விட்டுவிட்டுப் போவதுதானே? ஒருவர் ‘இல்லை’ என்பார், இன்னொருவர் ‘ஆம்’ என்பார், இரண்டு பேரும் கார்டை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார்கள். மரணம் கார்டும் இதே ரகம். கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது, ஆனால் தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இருக்கிறது. “இந்தத் தொல்லை முடியுமா?” என்று கேட்டவருக்கு அதைவிடத் தெளிவான ‘ஆம்’ ஏது? “இந்த உறவு நீடிக்குமா?” என்று கேட்டவருக்கு அதே கார்டு நேர் எதிர்.

இதற்கு நான் கண்ட வழி, கேள்வியை எப்போதும் ஒரே திசையில் வைப்பது. எதைச் செய்யப்போகிறோமோ அதைக் கேட்பது. “விட்டுவிடலாமா”, “வேண்டாமா”, “நிறுத்திவிடவா” என்றெல்லாம் எதிர்த்திசையில் கேட்காமல், “இந்த வேலையில் அடுத்த மார்ச் வரை இருப்பது எனக்கு நல்லதா?” என்று கேட்டால் பட்டியல் குழம்பாது. கோப்பை எட்டு வந்தால் இல்லை, அவ்வளவுதான். பட்டியல் சொல்வது முதல் பதில். அதை எழுதி வைத்துவிட்டுப் பிறகு படத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். காலியாக இருக்கும் அந்த ஒன்பதாவது இடத்தில் இந்த வேலையில் எனக்குக் கிடைக்காத எது இருக்க வேண்டும் என்று யோசிப்பது நல்ல யோசனை. ஆனால் அந்த யோசனையின் முடிவில் ‘இல்லை’யை ‘ஆம்’ ஆக்கிவிடக் கூடாது.

கேள்வியில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று தேதி. “வேலை கிடைக்குமா?” என்பதற்கு எந்தப் பதிலும் என்றைக்கும் தோற்காது, இன்று கிடைக்காவிட்டால் பத்து வருடம் கழித்துக் கிடைக்கலாம். “தீபாவளிக்குள்” என்று சேர்த்துவிட்டால் அது கேள்வி. இன்னொன்று, ஒரு கேள்விக்குள் இரண்டைத் திணிக்காதது. “சென்னைக்கு மாறி அந்தப் படிப்பில் சேரலாமா?” என்பதில் ஊர் மாறுவது ஒன்று, படிப்பு ஒன்று. இல்லை வந்தால் எதற்கு இல்லை?

அடுத்தவர் மனசைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம் வரும். “அவருக்கு என்மேல் விருப்பம் இருக்கிறதா?” என்பதற்குக் கார்டு எடுத்து ஆம் வந்தாலும் இல்லை வந்தாலும் உங்களுக்கு எதுவும் கூடுதலாகத் தெரியவராது. அவரைக் கேட்டால் தெரியும். இப்படிக் கேட்க வருகிறவர்களிடம் நான் கேள்வியை அவர்கள் பக்கம் திருப்பச் சொல்கிறேன்: “இந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேசிப் பார்க்கலாமா?” இதற்கு எந்தப் பதில் வந்தாலும் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. உடம்புக்கு வந்தது, கர்ப்பம், கோர்ட்டு வழக்கு, காணாமல் போனவர் இவற்றுக்குக் கார்டு எடுக்கவே மாட்டேன். ‘கட்டி கெட்டதா?’ என்ற கேள்விக்குச் சூரியன் கார்டு வந்து, அதை நம்பி ஒருவர் டாக்டரிடம் போவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அந்தப் பாவம் பார்த்துச் சொன்னவரைச் சேரும்.

மூன்று தடவை கேட்டதைப் பற்றி. கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், நல்லதுக்குத்தான். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள முறையில் மூன்று தடவை எடுக்க உங்களுக்கு நீங்களே அனுமதி கொடுத்தால், ஒரு தடவையாவது ஆம் வந்துவிட எட்டில் ஏழு பங்கு வாய்ப்பு. ஐந்து தடவை என்றால் 32இல் 31. அதாவது, வேண்டிய பதில் வரும்வரை எடுப்பது என்று மனதுக்குள் முடிவு செய்த நிமிடமே பதில் தீர்மானமாகிவிட்டது, கார்டுக்கு அங்கே வேலை இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முதல் கார்டு ‘இல்லை’ என்றபோது மறுபடி எடுக்கத் தோன்றியதா, நிம்மதியாகக் கட்டைக் கீழே வைக்கத் தோன்றியதா? மறுபடி எடுக்கத் தோன்றியிருந்தால் அந்த விஷயம் உங்களுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதை வைத்து முடிவெடுங்கள், இரண்டாவது கார்டை வைத்து அல்ல. அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் நிலவரத்தில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். புது வேலைக்கான கடிதம் வந்திருக்கலாம், சம்பளம் மாறியிருக்கலாம். மனசு ஆறவில்லை என்பதற்காகக் கேட்கக் கூடாது.

காசு வாங்கிக்கொண்டு பார்த்துச் சொல்கிறவர்களிடம் போவதானால், கார்டு எடுப்பதற்கு முன்னால் “எந்தக் கார்டுகள் ஆம், எந்தக் கார்டுகள் இல்லை?” என்று கேளுங்கள். முறையைச் சொல்லிவிட்டு எடுப்பவர் நேர்மையாக நடக்கப் பார்க்கிறார். “எடுங்கள், வருவதைப் பார்த்துச் சொல்கிறேன்” என்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லப்போகிறார். ‘இல்லை’ வந்திருக்கிறது, இன்ன தொகைக்குப் பரிகாரம் செய்தால் ‘ஆம்’ ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பயத்தில் இருப்பவரிடம் அப்படிப் பணம் கேட்பதைப் போல இந்தத் தொழிலில் என்னைக் கோபப்படுத்துவது வேறு எதுவும் இல்லை.

நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதில் தேதி, கேள்வி, கெடு, வந்த கார்டு, பட்டியல்படி பதில், அப்புறம் கெடு முடிந்ததும் நடந்தது என்ன, இவ்வளவு போதும். நாற்பது ஐம்பது கேள்வி சேர்ந்ததும் எத்தனை சரி, எத்தனை தப்பு என்று கூட்டிப் பாருங்கள். பலித்தது மட்டும் ஞாபகம் இருக்கும், பலிக்காதது மறந்துபோகும் என்பது எல்லோருக்கும் பொது, நோட்டுக்கு அந்த மறதி இல்லை. கூட்டிப் பார்த்த பிறகு கார்டை எவ்வளவு நம்புவது என்று என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

போன் ஆப் செல்லுமா என்றால், கலைப்பதைப் பொறுத்தவரை தாராளமாகச் செல்லும், ஒழுங்காகச் செய்த ஆப் நம் கையைவிட நன்றாகவே கலைக்கும். குறை வேறு இரண்டு இடத்தில். எந்தக் கார்டை எந்தப் பத்தியில் வைத்திருக்கிறது என்று பல ஆப்கள் காட்டுவதில்லை. முக்கால்வாசி ஆம் என்று வைத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அடுத்தது, மறுபடி எடுக்கும் பொத்தான் கட்டைவிரலுக்குக் கீழேயே இருக்கும். கையில் கட்டு இருந்தால் மறுபடி கலைக்க இரண்டு நிமிடம் ஆகும், அந்த இரண்டு நிமிடத்தில் பாதிப் பேருக்குப் புத்தி வந்துவிடும். ஆப்தான் வசதி என்றால் ஆம்–இல்லை என்று தானே சொல்லும் ஆப்பை விட்டுவிட்டு, கார்டை மட்டும் காட்டும் ஆப்பை எடுங்கள். வந்த கார்டை உங்கள் பட்டியலில் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு, ஆப்பை மூடிவிடுங்கள்.